கிண்ணம் யாருடையது? செயின்ட் ஐவ்ஸ், பிட்ஸ்பர்க் பட்டறைகள்: ஓர் ஒப்பாய்வு

கலையில் நாட்டமுள்ள பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளைக் கோடை விடுமுறையில் மண்பாண்டப் பட்டறைக்குப் பயிற்சிக்கு அனுப்பும் வழக்கம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உண்டு. பிள்ளை ஆறு வாரமோ எட்டு வாரமோ பட்டறையில் இருக்கும். மண் பிசையும், சக்கரத்தில் உட்காரும், சூளை அடுக்கக் கைகொடுக்கும். இதற்கு இன்டர்ன்ஷிப் என்று பெயர். பெற்றோருக்கு அது ஒரு வகுப்பு. பட்டறைக்காரருக்கு அது கூடுதலாகக் கிடைத்த ஒரு ஜோடிக் கை. பிள்ளைக்கோ, தன் பெயரில் நாலு பொருள் செய்து காட்சிக்கு வைக்கக் கிடைத்த காலம். யார் யாருக்காக உழைக்கிறார்கள் என்பது பேசப்படாமலே கோடை முடிந்துவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு நேர் எதிரான இரண்டு விடைகளை வாழ்ந்து காட்டிய இடங்கள் உண்டு. ஒன்று இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில், செயின்ட் ஐவ்ஸ் ஊரில் உள்ள லீச் பட்டறை. மற்றது அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், மான்செஸ்டர் என்ற பகுதியில் பிறந்த மான்செஸ்டர் கிராஃப்ட்ஸ்மென்ஸ் கில்டு. முன்னதில் பிள்ளை பட்டறைக்காக இருந்தது. பின்னதில் பட்டறை பிள்ளைக்காக இருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இன்றைய கோடைப் பயிற்சிகளில் எது உருப்படியானது, எது வெறும் பொழுதுபோக்கு என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் கிடைக்கும்.

செயின்ட் ஐவ்ஸ் பட்டறையைத் தொடங்கியவர் பெர்னார்ட் லீச். ஹாங்காங்கில் பிறந்து, 1909இல் ஜப்பான் சென்று, அங்கே மண்பாண்டக் கலை பயின்றவர். 1920இல் அவர் இங்கிலாந்து திரும்பியபோது ஹமாடா ஷோஜி என்ற இளைஞரும் உடன் வந்தார். இருவரும் சேர்ந்து கட்டிய மூன்று அறைச் சூளை, மேற்குலகில் எழுந்த முதல் ஜப்பானிய வகை ஏறுசூளை. அது நன்றாக அமையவில்லை. மட்சுபயாஷி சுருநோசுகே என்ற சூளைக் கலைஞர் ஜப்பானிலிருந்து வந்து அதைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். ஹமாடா 1923இல் நாடு திரும்பினார்.

முதல் பத்தாண்டில் அங்கே கற்க வந்தவர்கள் படித்த, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். 1923இல் மைக்கேல் கார்டியூ வந்தார். அவரைத் தொடர்ந்து கேதரின் பிளைடெல்-புவரி, நோரா பிரேடன் ஆகியோர் வந்தனர். சில ஆண்டு இருந்து கற்றபின் தத்தம் வழியில் சென்று பெயர் பெற்றார்கள். ஆனால் பட்டறை பணத்துக்குத் திண்டாடியது. சூளையில் பல பொருள்கள் வீணாவதும், விற்கக் கூடியதைவிடக் காட்சிக்குரியவை அதிகமாக வெளிவருவதும் வழக்கமாக இருந்தன.

இந்த நிலையை மாற்றியவர் லீச்சின் மகன் டேவிட். தந்தைக்கு விருப்பமில்லாதபோதும், இங்கிலாந்தின் பீங்கான் தொழில் மையமான ஸ்டோக்-ஆன்-டிரெண்ட்டுக்குப் போய்த் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தார். விறகுக்குப் பதிலாக எண்ணெய் எரிப்பு வந்தது. உயர் வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் முதன்மையானது. கலைக் கல்லூரி மாணவர்களை நம்பாமல் உள்ளூர்ப் பிள்ளைகளைப் பயிற்சித் தொழிலாளிகளாகச் சேர்ப்பதென்று முடிவானது. 1938இல் வில்லியம் மார்ஷல் சேர்ந்தபோது அவருக்குப் பதினைந்து வயது. 1945இல் கென்னத் குவிக் பதினான்கு வயதில் சேர்ந்தார்.

அவர்கள் செய்தது 'ஸ்டாண்டர்டு வேர்' என்ற அன்றாடப் பாத்திர வரிசை: சூப் கிண்ணம், குவளை, பால் கூஜா, மூடியிட்ட பானை. விலைப்பட்டியலில் உள்ள அளவும் வடிவமும் மாறக் கூடாது. மண்ணைத் தராசில் நிறுத்து உருண்டை பிடிக்க வேண்டும். வாயின் அகலத்தையும் உயரத்தையும் அளவுகுச்சி கொண்டு சரிபார்க்க வேண்டும். பலகை நிரம்பும்வரை ஒரே குவளையைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். பிசகியதைப் பிசைந்து மறுபடி உருண்டையாக்க வேண்டும். அடியில் விழுவது பட்டறையின் முத்திரை.

இப்படிச் சொன்னால் சலிப்பான வேலையாகத் தோன்றும். ஆனால் கை எப்படிக் கற்கிறது என்பதை அறிந்தவர்கள் இதைக் குறைத்துப் பேச மாட்டார்கள். சங்கீதம் கற்கும் பிள்ளை சரளி வரிசையைச் சொல்லிச் சொல்லித்தான் தொண்டையைப் பழக்குகிறது, கீர்த்தனை பிறகுதான். சக்கரத்தின் நடுவில் மண்ணை நிறுத்துவது வாயால் சொல்லிக் கொடுத்து வருவதில்லை. முழங்கையை எங்கே ஊன்றுவது, எவ்வளவு தண்ணீர் தொடுவது, சுவரை மேலே இழுக்கும்போது விரல் எந்த வேகத்தில் ஏற வேண்டும் என்பதெல்லாம் நூறாவது குவளையில்தான் விரலுக்குப் புரியும். முதல் குவளைக்கும் நூறாவது குவளைக்கும் வடிவம் ஒன்றாக இருந்தால்தான் இரண்டுக்கும் இடையே கை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க முடியும். ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது செய்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த ஒப்பீடே கிடைப்பதில்லை. அந்த வகையில் செயின்ட் ஐவ்ஸின் சட்டம் சரியானது, இன்றும் சரியானது.

தவறு வேறிடத்தில் இருந்தது. படித்த வீட்டிலிருந்து வந்தவர்கள் மூன்று ஆண்டில் வெளியேறித் தம் பெயரில் பட்டறை தொடங்கினார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளோ தங்கிவிட்டார்கள். வில்லியம் மார்ஷல் 1977 வரை அங்கேயே இருந்தார். பட்டறையின் தலைமைத் தொழிலாளியாக உயர்ந்தார். பிற்காலத்தில் பெர்னார்ட் லீச் காகிதத்தில் வரைந்து கொடுக்கும் பெரிய ஜாடிகளைச் சக்கரத்தில் ஏற்றியவர் மார்ஷல்தான். ஜாடியின் பெயர் லீச்சுடையது. மார்ஷல் எப்பேர்ப்பட்ட கலைஞர் என்று உலகம் அறிந்துகொண்டது, அவர் தனியாகப் பட்டறை வைத்த பிறகுதான். கார்டியூ விஞ்ச்கோம்பில் தொடங்கிய பட்டறையிலும் இதே கதை: சிட்னி டஸ்டின் என்ற உள்ளூர்ச் சிறுவன் 1927இல் சேர்ந்து 1978 வரை அங்கே சக்கரத்தில் உட்கார்ந்தார். மண்பாண்டக் கலை வரலாறுகளில் கார்டியூவுக்கு நூற்றுக்கணக்கான பக்கங்கள் கிடைக்கின்றன. டஸ்டினுக்குச் சில வரிகள் கிடைத்தாலே பெரிது.

கென்னத் குவிக்கின் வாழ்வு இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. பதினான்கு வயதில் சேர்ந்து பத்து ஆண்டு உழைத்தபின் 1955இல் அதே ஊரில் சொந்தப் பட்டறை தொடங்கினார். 1960இல் லீச் பட்டறைக்கே திரும்பி வந்தார். 1963இல் ஜப்பான் போனவர் அங்கே நீரில் மூழ்கி இறந்தார். அப்போது அவருக்கு முப்பதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. பட்டறையின் பாத்திர வரிசையைப் பிசகில்லாமல் செய்யத் தெரிந்த கைக்குத் தன் சொந்த வடிவங்களைத் தேட வாய்த்தது ஐந்தாண்டுக் காலமும் ஒரு ஜப்பான் பயணமும்தான் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

இனி பிட்ஸ்பர்க். 1963இல் ஆலிவர் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பில் ஸ்ட்ரிக்லண்ட் என்ற கறுப்பின மாணவனுக்குப் பதினாறு வயது. எஃகு ஆலைகளின் நகரம் அது. அவன் வாழ்ந்த மான்செஸ்டர் பகுதியோ வறுமையில் சரிந்துகொண்டிருந்தது. ஒரு புதன்கிழமை பிற்பகல், திறந்திருந்த கலை வகுப்பறைக் கதவு வழியே, ஃபிராங்க் ராஸ் என்ற ஆசிரியர் சக்கரத்தில் பாத்திரம் எழுப்புவதைப் பார்த்து உள்ளே போனான்; தனக்கும் கற்றுத் தரும்படி கேட்டான். ஸ்ட்ரிக்லண்ட் பிற்காலத்தில் எண்ணற்ற மேடைகளில் சொன்ன கதை இது. மற்ற வகுப்புகளுக்கு மட்டம் போட்டுவிட்டு மண் அறையிலேயே கிடந்ததையும், மட்டம் போட்ட வகுப்புகளின் ஆசிரியர்களுக்குத் தான் செய்த பாத்திரங்களைக் கொண்டுபோய்க் கொடுத்துத் தேறியதையும் அவர் மறைத்ததில்லை.

ராஸ் கற்றுக்கொடுத்தது சக்கரத்தோடு நிற்கவில்லை. ஜாஸ் இசையைக் கேட்க வைத்தார். ஃபிராங்க் லாயிட் ரைட் கட்டிய 'ஃபாலிங்வாட்டர்' வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அருவியின்மேல் நிற்கும் அந்த வீட்டுக்குள் விழுந்த வெளிச்சம் அந்தப் பையனை விடவே இல்லை. பல்கலைக்கழகத்தில் சேர வழி செய்ததும் ராஸ்தான். 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டு அமெரிக்க நகரங்கள் எரிந்த ஆண்டில், இன்னும் மாணவராக இருந்த ஸ்ட்ரிக்லண்ட் தன் பகுதியிலேயே ஒரு வீட்டில் சக்கரமும் சூளையும் வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கதவைத் திறந்தார். கில்டு பிறந்தது இப்படித்தான்.

1980களின் நடுவில் அது பெரிய கட்டடத்துக்கு மாறியது. பிட்ஸ்பர்க் விமான நிலையத்தை வடிவமைத்த டாசோ கட்செலஸ்தான் அதையும் வடிவமைத்தார். வாசலில் நீரூற்று, அறைகளில் சூரிய வெளிச்சம், சுவர்களில் கலைப்பொருள், மேசைகளில் புதுப் பூ. குற்றங்கள் மலிந்த பகுதி என்று பெயர் வாங்கிய இடத்தில் சன்னல்களுக்குக் கம்பியோ வாசலில் சோதனைக் கருவியோ வைக்க ஸ்ட்ரிக்லண்ட் மறுத்தார். அழகான இடத்தில் மரியாதையாக நடத்தினால் பிள்ளை அதற்கேற்ப நடந்துகொள்ளும் என்பது அவர் நம்பிக்கை. உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் மாலையிலும் கோடையிலும் அங்கே வந்து மண்பாண்டம், புகைப்படம், வடிவமைப்பு முதலியவற்றைக் கட்டணமில்லாமல் கற்கிறார்கள். தேர்ந்த கலைஞர்கள் வந்து அவர்களோடு வேலை செய்கிறார்கள். 1996இல் ஸ்ட்ரிக்லண்டுக்கு மக்ஆர்தர் நல்கை கிடைத்தது. சின்சினாட்டி, கிராண்ட் ராபிட்ஸ் முதலிய ஊர்களில் இதன் வழியில் மையங்கள் எழுந்தன.

பிட்ஸ்பர்கில் குவளை பிள்ளையுடையது. சுவர் கோணியிருந்தாலும் அது அந்தப் பிள்ளை செய்தது, வீட்டுக்குக் கொண்டுபோகலாம், காட்சிக்கு வைக்கலாம். மண்பாண்டக் கலைஞர்களை உருவாக்குவது தன் முதல் நோக்கமில்லை என்பதில் ஸ்ட்ரிக்லண்ட் தெளிவாக இருந்தார். பிள்ளை பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும், மேலே படிக்க வேண்டும், தன்னால் ஒன்றைச் செய்ய முடியும் என்று நம்ப வேண்டும். மண் அதற்கு வழி. செயின்ட் ஐவ்ஸில் குவளை விற்றால்தான் கூலி; பிட்ஸ்பர்கில் குவளை உடைந்தாலும் அன்றைய வேலை நடந்ததாகவே கணக்கு.

மனிதரை மதிப்பதில் பிட்ஸ்பர்க் எவ்வளவோ மேலானது. வில்லியம் மார்ஷலுக்குக் கிடைக்காதது, அதாவது 'இது உன்னுடையது' என்ற சொல், அங்கே முதல் நாளே கிடைக்கிறது. ஏழைப் பிள்ளைக்கும் கலை முழுதாக உரியது என்று ஒரு கட்டடமே எழுந்து நின்று சொல்வது எளிதான காரியமில்லை. ஆனால் இந்த முறையை ஒரு கோடைக்குள் சுருக்கி எடுத்துக்கொண்டவர்கள் பலர் அதன் பாதியைத்தான் எடுத்தார்கள். ஸ்ட்ரிக்லண்டே இரண்டு ஆண்டு மண் அறையில் கிடந்து கை பழகியவர் என்பதை மறந்துவிட்டார்கள். பிள்ளை மனம் மகிழ வேண்டும் என்பது மட்டும் மிஞ்சியது. அதனால் நான்காம் நாளே பூச்சாடி, ஐந்தாம் நாள் ஆமை பொம்மை, ஆறாம் நாள் கோப்பை என்று பொருள்கள் மாறிக்கொண்டே போகின்றன. ஒன்றிலும் கை நிலைப்பதில்லை.

மண்ணுக்கு அதன் காலம் உண்டு, அதை எந்தப் பாடத்திட்டமும் சுருக்க முடியாது. சக்கரத்தில் எழுப்பிய கிண்ணம் தோல் போல் இறுகியபின்தான் அதன் அடியைச் செதுக்க முடியும். பிறகு மெதுவாக உலர வேண்டும். வேகமாக உலர்ந்தால் வாய் கோணும், அடி வெடிக்கும். உலர்ந்ததை ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் முதல் முறை சுட்டு, கிளேஸ் பூசி, ஸ்டோன்வேர் என்றால் 1280 டிகிரியை ஒட்டி மறுபடி சுட வேண்டும். சூளை ஆறவே ஒரு நாளுக்கு மேலாகும். ஈர மண்ணில் பார்த்த அளவிலிருந்து பத்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கித்தான் கிண்ணம் வெளியே வரும். சூளை நிறையும்வரை காத்திருப்பதையும் சேர்த்தால், ஒரு கிண்ணம் தொடங்கி முடிய இரண்டு மூன்று வாரம். ஆறு வாரக் கோடையில் இந்தச் சுற்று முழுதாக இரண்டு முறை நடந்தால் அதிகம். முதல் சுற்றில் செய்த பிழை இரண்டாம் சுற்றில் திருந்துகிறதா என்று பார்க்கும் வாய்ப்பு ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையை ஆமை பொம்மைக்குக் கொடுத்துவிடுவது பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

இரண்டு முறைகளும் ஒன்றையொன்று தொட்ட இடங்களும் உண்டு. வாரன் மெக்கன்சி என்ற அமெரிக்கர், லீச் 1940இல் வெளியிட்ட 'ஏ பாட்டர்ஸ் புக்' நூலைப் படித்துவிட்டு, மனைவி அலிக்ஸோடு 1949 கோடையில் செயின்ட் ஐவ்ஸ் போய்ப் பயிற்சிக்குக் கேட்டார். முதலில் மறுத்த லீச், சூளை எரிந்துகொண்டிருந்த ஓர் இரவு முழுதும் அவர்களோடு பேசியபின் மனம் மாறி மறு ஆண்டு வரச் சொன்னார். இரண்டரை ஆண்டு பாத்திர வரிசையைச் செய்து கை பழகினார்கள். ஆனால் லீச் வீட்டிலேயே தங்கி, அங்கிருந்த பழைய கொரிய, ஜப்பானியப் பாத்திரங்களை நாள்தோறும் கையில் எடுத்துப் புழங்கி, அவரோடு விவாதித்ததுதான் தம்மைக் கலைஞராக்கியது என்று மெக்கன்சி பின்னாளில் சொன்னார். உள்ளூர்ப் பையன்கள் வேலை முடிந்ததும் தங்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்த மாலைப் பேச்சில் அவர்களுக்கு இடம் இருக்கவில்லை. ஃபிராங்க் ராஸ் தன் மாணவனை ஃபாலிங்வாட்டருக்கு அழைத்துப் போனபோது கொடுத்தது இதைத்தான். பார்க்கவும் ஒப்பிடவும் பேசவும் ஒரு பெரியவர் பிள்ளைக்கு நேரம் ஒதுக்குவது. பலகை நிரம்பக் குவளை செய்வதும் இதுவும் ஒரே பிள்ளைக்குக் கிடைத்தால்தான் கலைஞர் உருவாகிறார்.

நமக்கு மிக அருகில் இந்த இரண்டும் ஒரே வளாகத்தில் நடந்திருக்கின்றன. ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்க இணையர் 1971இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பட்டறையைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் பயின்றவர். அவர் உள்ளூர்த் தமிழ்த் தொழிலாளர்களைப் பழக்கி அன்றாடப் பாத்திரங்களைச் செய்வித்தார். ரே நாட்டின் பல பகுதிகளிலிருந்து வந்த மாணவர்களுக்குக் கற்பித்தார். இந்தியாவின் இன்றைய ஸ்டூடியோ மண்பாண்டக் கலைஞர்களில் பலர் அங்கே படித்தவர்கள். புதுச்சேரி, ஆரோவில் வட்டாரம் முழுதும் இன்று பட்டறைகளாக இருப்பதற்கு அதுவே வித்து.

என் தீர்ப்பு இது. இன்டர்ன்ஷிப் என்ற பெயருக்குத் தகுதி பெற, பட்டறைக்குப் பிள்ளையின் வேலை உண்மையிலேயே தேவைப்பட வேண்டும். ஒரு நாள் அந்தப் பிள்ளை வராவிட்டால் பலகையில் இடம் காலியாக இருக்க வேண்டும். அது செயின்ட் ஐவ்ஸ் சொல்லும் பாடம். அதே சமயம் பிள்ளையின் உழைப்புக்குக் கூலி உண்டு, செய்த பொருளுக்குப் பிள்ளையின் பெயர் உண்டு, பிள்ளையின் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் உண்டு என்று இருக்க வேண்டும். அது பிட்ஸ்பர்க் சொல்லும் பாடம். இரண்டில் ஒன்றைத்தான் தர முடியும் என்ற நிலை வந்தால், பதினாறு வயதுக்கு நான் பிட்ஸ்பர்க்கையே தேர்வேன். கையைப் பின்னாலும் பழக்கலாம். தன் வேலை தன்னுடையது என்ற உணர்வை அந்த வயதில் பறித்துவிட்டால் மீட்பது கடினம். மார்ஷலுக்கு அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டு தேவைப்பட்டது. லீச் பட்டறை 2008இல் புதுப்பிக்கப்பட்டு, மறுபடியும் பாத்திர வரிசை செய்து, இளையோரைப் பழக்கிவருகிறது. அதன் பழைய ஒழுங்கு இன்னும் மதிப்புள்ளது என்பதற்கு அதுவே சான்று.

பிள்ளையை அனுப்ப நினைக்கும் பெற்றோர், சேரும் முன் பட்டறைக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். சூளையை யார் அடுக்குகிறார்கள், பிள்ளைகள் அருகில் நின்று வெப்பமானியின் அளவைக் குறித்துக்கொள்ள விடப்படுகிறார்களா என்று கேளுங்கள். ஒரே வடிவத்தைப் பல முறை செய்யச் சொல்கிறார்களா, செய்தபின் ஆசிரியர் கூடவே உட்கார்ந்து பார்க்கிறாரா என்று கேளுங்கள். தரையை ஈரத்துணியால் துடைக்கிறார்களா, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குகிறார்களா என்று கவனியுங்கள். காய்ந்த மண்தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலைக் கெடுக்கும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கும் இடம் பிள்ளைகள் இருக்கத் தகுந்த இடமில்லை. கட்டணமும் வாங்கிக்கொண்டு, ஆறு வாரமும் மண் பிசையவும் வாளி கழுவவும் மட்டும் விட்டுவிடும் இடங்களும் இருக்கின்றன. அங்கே சேர்க்காதீர்கள்.

பட்டறை நடத்துவோருக்கும் ஒரு வேண்டுகோள். கோடைக்கு வரும் பிள்ளைக்கு ஒரே ஒரு கிண்ண வடிவத்தைக் கொடுங்கள். ஆறு வாரமும் அதையே செய்யட்டும். தேறியவற்றைக் கடையில் வைத்து விற்றால் வந்த பணத்தில் பங்கு கொடுங்கள். கிண்ணத்தின் அடியில் உங்கள் முத்திரைக்குப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயரையும் பதியுங்கள்.